‘லேடீஸ் கோட்டா’ என்று சொன்னால் சொல்லட்டும்

வாசகி கடிதம்:

எனக்கு 35 வயது. சொந்த ஊர் சாத்தூர் பக்கம். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம், பிறகு பி.இ. வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. சென்னை சிறுசேரியில் ஐந்து வருடம் ஒரு ஐ.டி. கம்பெனியில் வங்கி புராஜெக்ட்டில் மேனுவல் டெஸ்டிங் (மென்பொருளைக் கையால் இயக்கிப் பிழை தேடும் வேலை) பார்த்தேன். இரண்டாவது குழந்தைக்காக 2019-ல் வேலையை விட்டேன். கணவருக்கு மாற்றலாகி போன வருடம் பெங்களூரு வந்தோம், வீடு ஹொரமாவில். சின்னவனும் பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டதால் வேலை தேடுகிறேன். நௌக்ரி வேலைத் தளத்தில் மாதக்கணக்காக விண்ணப்பிக்கிறேன், ஒரு போன்கூட வரவில்லை.

பழைய தோழி ஒருத்தி தன் கம்பெனியில் ‘டைவர்சிட்டி டிரைவ்’ நடக்கிறது, ரெஃபர் செய்கிறேன் என்கிறாள். அதைக் கேட்ட கணவரின் நண்பர், “அப்ப லேடீஸ் கோட்டால உள்ள போயிடலாம்” என்று சிரித்தார். அதிலிருந்து எனக்கு மனசு ஒப்பவில்லை. மாரத்தஹள்ளியில் ஒரு டிரெய்னிங் சென்டரில், எழுபதாயிரம் கட்டினால் இடைவெளி தெரியாதபடி அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்கிறார்கள். இந்தியும் தெரியாது, கன்னடமும் தெரியாது. இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான் வரும். போதாக்குறைக்கு ஏஐ வந்து டெஸ்டிங் வேலையே இருக்காதாம். என்ன செய்யட்டும், மேடம்? என் ரெஸ்யூமேயையும் இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பெங்களூரு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த மாரத்தஹள்ளி எழுபதாயிரத்தைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால் அது போனதாக வைத்துக்கொண்டு விலகிவிடுங்கள்.

பெங்களூருவில் ஆள் எடுக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். இந்தச் சான்றிதழ்கள் எந்த இடத்தில் பிடிபடும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். 2014-லிருந்து பி.எஃப். பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் யுஏஎன் என்று ஒரே எண். கம்பெனி மாறினாலும் எண் மாறாது. எந்தத் தேதியில் எந்தக் கம்பெனியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வேலை கொடுக்கும் முன்போ, சேர்ந்து ஓரிரு மாதத்துக்குள்ளோ பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சி அதைத்தான் முதலில் கேட்கும். கூடவே வருமான வரியின் 26ஏஎஸ் (யார் யார் உங்களிடம் வரி பிடித்தார்கள் என்று காட்டும் படிவம்) கேட்பவர்களும் உண்டு. 2019-ல் உங்கள் கணக்கில் கடைசிப் பணம் விழுந்திருக்கும்போது, 2022 வரை ஏதோ ஒரு ‘சொல்யூஷன்ஸ் பிரைவேட் லிமிடெட்’டில் வேலை பார்த்ததாகக் காகிதம் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும். “நாங்கள் பி.எஃப்.-ம் சேர்த்தே கட்டிக் காட்டுவோம்” என்று சில சென்டர்கள் சொல்வார்கள். பெயர்ப்பலகை மட்டும் உள்ள அந்த மாதிரிக் கம்பெனிகளின் பட்டியல் பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கிறது. அந்தப் பெயர் உங்கள் ரெஸ்யூமேயில் ஏறினால் உண்மையாகப் பார்த்த ஐந்து வருடமும் சேர்ந்து சந்தேகத்துக்குப் போகும். குழந்தைக்காக எடுத்த இடைவெளியை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதை மறைக்கப் பொய்ச் சான்றிதழ் கொடுத்தால், சேர்ந்த மாதமே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இனி டைவர்சிட்டி விஷயம். உங்கள் கடிதத்தின் பாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஒரு கம்பெனி ‘டைவர்சிட்டி டிரைவ்’ நடத்துகிறது என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஒரு டீமில் டெஸ்டிங் இடம் ஒன்று காலி. சாதாரணமாக அந்த மேனேஜர், இப்போது டீமில் இருப்பவர்களிடம் “உன் ஃபிரெண்ட் யாராவது இருக்கானா?” என்று கேட்பார். இருப்பவர்கள் தன் காலேஜ், தன் பழைய கம்பெனி, தன் ஊர்க்காரன் என்று ஆள் கொண்டு வருவார்கள். பத்து பேர் டீமில் எட்டு பேர் ஆண்கள் என்றால், வரும் ரெஸ்யூமேயும் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் இருக்கும். இதில் யாரும் யாரையும் திட்டமிட்டு ஒதுக்கவில்லை. ஆனாலும் ஏழு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேறு மாநிலத்திலிருந்து வந்த உங்கள் பெயர் அந்தச் சுற்றுக்குள் வர வழியே கிடையாது. டைவர்சிட்டி விதி அந்த இடத்தில்தான் கை வைக்கிறது: நேர்காணலுக்குப் போகும் பட்டியலில் இத்தனை பேராவது பெண்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் நேர்காணலே தொடங்காதே என்று ஹெச்.ஆர். சொல்லும். இந்த யோசனை முதலில் பிரபலமானது ஐ.டி.யில் இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்.லில் 2003-ல் கொண்டு வந்தார்கள், தலைமைப் பயிற்சியாளர் பதவிக்குச் சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்தே ஆக வேண்டும் என்று. பல கம்பெனிகளில் பெண்களை ரெஃபர் செய்தால் ஊழியருக்குக் கிடைக்கும் போனஸும் கூடுதல். உங்கள் தோழிக்கும் அப்படி ஏதாவது வந்தால் வரட்டுமே, நல்ல விஷயம்தான்.

பந்தியில் உங்களுக்கு ஒரு இலை போட வைப்பதோடு அந்த விதியின் வேலை முடிந்தது. அதற்கப்புறம் அதே கேள்வி, அதே மதிப்பெண் தாள். அரசு வேலை இட ஒதுக்கீடு மாதிரி இத்தனை இடம் இவர்களுக்கு என்று சட்டப்படி ஒதுக்கிய கதை தனியார் ஐ.டி.யில் இல்லை. அப்படி ஒதுக்கினாலும் அதில் கேவலம் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. உங்கள் ஊரிலிருந்து முதல் தலைமுறையாக இன்ஜினியரிங் படித்து வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கல்லூரியில் அப்படி ஓர் ஒதுக்கீடு கை கொடுத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் இன்னும் விளங்கும். நேர்காணல் எடுத்தவர்கள் எல்லோரும் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, யாரை எடுப்பது என்று பேசுகிற கூட்டம். ஒரு பெண்ணைப் பற்றி ஒருவர் ‘நம்பிக்கை போதவில்லை’ என்று எழுதியிருந்தார். கூட்டத்தை நடத்திய லீட், “எந்தக் கேள்வியில் அப்படித் தோன்றியது?” என்று கேட்டார். எழுதியவர் லேப்டாப்பில் தன் குறிப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். ஒரு கேள்விக்கு அந்தப் பெண் ஒரு நிமிடம் டைம் கேட்டு, தாளில் எழுதிப் பார்த்து, சரியான விடை சொல்லியிருக்கிறார். அதே கேள்விக்கு இன்னொருவர் படபடவென்று பேசி, பாதி தப்பாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ‘நல்ல கம்யூனிகேஷன்’ என்று போட்டிருந்தது. லீட் இரண்டு விடைகளையும் அருகருகே திரையில் போட்டார். அதற்கப்புறம் அறையில் யாரும் அதிகம் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆஃபர் போனது. சலுகை என்று அங்கே யாரும் எதையும் தரவில்லை. “எந்தக் கேள்வியில்?” என்று ஒருவர் கேட்டார், அவ்வளவுதான். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் உள்ள கம்பெனியில் டைவர்சிட்டி என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது. சுவரில் போஸ்டர் ஒட்டி, மார்ச் 8-ம் தேதி ரோஜாப்பூ கொடுத்து முடித்துக்கொள்ளும் இடங்களும் நிறைய உண்டு. உங்கள் தோழியின் கம்பெனி எந்த ரகம் என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். கணவரின் நண்பர் சிரித்ததை யோசித்து ஒன்றும் ஆகப்போவதில்லை. (அவருக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்று ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சீனியரோ ரூம்மேட்டோ ரெஃபர் செய்திருப்பார்.)

ஆக, ரெஃபரலை ஏற்றுக்கொள்ளுங்கள். அதையே நம்பி உட்கார்ந்துவிடவும் வேண்டாம். 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி பதவிக்கு வந்த கையோடு அமெரிக்க அரசுத் துறைகளில் டைவர்சிட்டி திட்டங்களை நிறுத்தும் ஆணைகளில் கையெழுத்துப் போட்டார். அந்தச் சமயத்தை ஒட்டி மெட்டா, கூகுள், அக்சென்ச்சர் போன்ற பெரிய கம்பெனிகள் தங்கள் இலக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தன. பெங்களூருவில் இன்று நல்ல வேலைகளில் பெரும்பங்கு ஜிசிசிகளில், அதாவது வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்களுக்காகவே இங்கே நடத்தும் மையங்களில் இருக்கிறது. இந்தியா முழுக்க 1,700-க்கு மேல் இருக்கின்றன என்பது ஐ.டி. துறைக் கூட்டமைப்பான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான ஜின்னோவும் 2024-ல் தந்த கணக்கு; அதில் மிக அதிகம் இந்த ஊரில்தான். தலைமையகத்தில் காற்று மாறினால் இங்கேயும் மாறும். சில இடங்களில் திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள், சில இடங்களில் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. அதனால் தேடும்போது ‘டைவர்சிட்டி’ என்ற சொல்லை மட்டும் போடாமல் ‘ரிட்டர்னர்’, ‘ரிட்டர்ன்ஷிப்’, ‘கரியர் பிரேக்’ என்றும் போட்டுத் தேடுங்கள். இடைவெளி விட்டுத் திரும்பும் பெண்களுக்கென்று டாடா குழுமம் 2008-லேயே திட்டம் தொடங்கியது. இன்ஃபோசிஸ், விப்ரோ, டிசிஎஸ் எல்லாவற்றிலும் இந்த மாதிரி ஏதோ ஒரு பெயரில் வந்திருக்கிறது. முன்பு ஜாப்ஸ்ஃபார்ஹெர் என்றிருந்து இப்போது ஹெர்கீ என்று பெயர் மாற்றிக்கொண்ட தளம் இந்த ஊரில் பிறந்தது. சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் 2000-ல் தொடங்கிய அவதார் இந்தத் துறையில் மூத்தது. இரண்டிலும் பதிவு செய்யுங்கள். ரிட்டர்ன்ஷிப் என்றால் பெரும்பாலும் சில மாதச் சம்பளப் பயிற்சி. முடிவில் நிரந்தரம் ஆக்குவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. “போன பேட்ச்சில் எத்தனை பேரை நிரந்தரமாக்கினீர்கள்?” என்று சேரும் முன்பே கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் மழுப்பினால் புரிந்துகொள்ளுங்கள்.

கம்பெனியைத் தெரிந்துகொள்ள இன்னொரு வழி இருக்கிறது, வேலை தேடுகிறவர்கள் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 நிறுவனங்கள் பிஆர்எஸ்ஆர் (BRSR) என்ற, நிறுவனப் பொறுப்பு பற்றிய அறிக்கையை ஆண்டறிக்கையோடு வெளியிட வேண்டும் என்பது 2022-23 நிதியாண்டிலிருந்து செபியின் கட்டாயம். கம்பெனி பெயரோடு பிஆர்எஸ்ஆர் என்று தேடினால் பிடிஎஃப் வந்துவிடும். பார்க்க அலுப்பான அறிக்கைதான். ஆனால் அதில் பெண்கள் எத்தனை சதவீதம், இயக்குநர் குழுவில் எத்தனை பேர், ஆண் பெண் சம்பளத்தின் இடைநிலை அளவு என்ன, பாலியல் தொல்லைப் புகார்கள் எத்தனை வந்தன என்பதெல்லாம் கட்டம் போட்டு இருக்கும். நான் முதலில் தேடுவது வேறொரு கட்டத்தை. பிரசவ விடுப்பு போனவர்களில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தார்கள், திரும்பியவர்களில் எத்தனை சதவீதம் ஒரு வருடம் கழித்தும் இருக்கிறார்கள் என்று இரண்டு எண்கள் அங்கே இருக்கும். முதல் எண் எங்கேயும் அழகாகத்தான் இருக்கும். 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு 2017-லிருந்து சட்டத்தில் இருக்கிறதே. இரண்டாவது எண் சரிந்திருந்தால், திரும்பி வந்த தாய்மார்களை அந்த இடம் தாக்குப்பிடிக்க விடவில்லை என்று அர்த்தம். ஆண்களின் எண்ணும் பக்கத்திலேயே இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

பங்குச்சந்தையில் இல்லாத ஜிசிசிகளுக்கு இந்த அறிக்கை கிடைக்காது. அங்கே நேரில் கேட்க வேண்டியதுதான். நேர்காணல் முடியும்போது “உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?” என்பார்கள். நம் ஆட்கள் வெட்கப்பட்டு “ஒன்றும் இல்லை” என்று எழுந்துவிடுவார்கள். நீங்கள் கேளுங்கள்: இந்த டீமில் லீடுக்கு மேல் பெண்கள் இருக்கிறார்களா? இடைவெளிக்குப் பிறகு சேர்ந்தவர்கள் யாராவது இருந்தால் அவரோடு பத்து நிமிடம் பேசலாமா? இரண்டாவதுக்கு உடனே சரி என்கிற மேனேஜரிடம் தைரியமாகச் சேரலாம். க்ரெஷ், அதாவது குழந்தைகள் காப்பகம் பற்றியும் கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் அது சட்டப்படி இருந்தாக வேண்டும். உங்கள் பிள்ளைகள் பள்ளி வயதுக்கு வந்துவிட்டதால் நேரடி உபயோகம் குறைவு. ஆனால் அந்தக் கேள்விக்கு ஹெச்.ஆர். முகம் எப்படிப் போகிறது என்பதில் நிறைய தெரிந்துவிடும்.

போன் வராததற்கு வருவோம். உங்கள் ரெஸ்யூமேயைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் ‘ஆப்ஜெக்டிவ்’ என்று நாலு வரி, கடைசியில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமணம் ஆனவர், வீட்டு விலாசம், ‘மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்’. இவை அத்தனையையும் எடுத்துவிடுங்கள். இடைவெளிக்கு மன்னிப்புக் கேட்கிற தொனியில் மூன்று வரி எழுதியிருக்கிறீர்கள். ஒரே வரி போதும்: 2019 முதல் குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி, இப்போது இன்னின்னதைக் கற்று வருகிறேன். லிங்க்ட்இன்னில் கரியர் பிரேக் என்று போட 2022-லிருந்து தனி இடமே கொடுத்திருக்கிறார்கள், அதில் போடுங்கள். நீங்கள் பார்த்த வேலையைப் பற்றி ‘டெஸ்ட் கேஸ் எழுதுவது, எக்ஸிக்யூட் செய்வது, பக் ரிப்போர்ட் செய்வது என் பொறுப்பு’ என்று இருக்கிறது. உலகத்தில் எல்லா டெஸ்டர்களும் செய்வது இதைத்தான். கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் வேறொன்று எழுதியிருந்தீர்களே, மாதக் கடைசி தேதி 31 ஆக இருக்கும்போது கடன் தவணைக்கு வட்டி ஒரு நாள் கூடுதலாகக் கணக்காகிறது என்று ரிலீஸுக்கு முன் கண்டுபிடித்ததாக! அது ரெஸ்யூமேயில் எங்கேயுமே இல்லை. அதை முதல் வரியாக்குங்கள். அப்படி இன்னும் மூன்று சம்பவம் நினைவுக்கு வரும். பழைய டீம்காரர்களிடம் பேசினால் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள்.

நௌக்ரியில் ஆள் தேடுகிற நாங்கள் முதலில் சொடுக்கும் கட்டங்கள் இரண்டு: சமீபத்தில் யார் புரொஃபைலைத் தொட்டார்கள், நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் இருக்க வேண்டிய காலம்) எவ்வளவு. இந்த ஊரில் வேலையில் இருப்பவர்கள் பலருக்கும் 90 நாள் நோட்டீஸ். ஆள் அவசரமாக வேண்டும் என்கிற மேனேஜருக்கு அது தலைவலி. நீங்களோ நாளைக்கே சேரலாம். அந்தக் கட்டத்தில் 15 நாளுக்குள் என்று போட்டு, தலைப்பு வரியிலும் ‘உடனே சேர முடியும்’ என்று எழுதுங்கள். வாரத்தில் ஓரிரு முறை புரொஃபைலில் எதையாவது ஒரு வார்த்தை மாற்றிச் சேமித்தாலே மேலே வருவீர்கள்.

இந்தி தெரியாதது பிரச்சினையே இல்லை. வேலைக்கான தகுதியில் அது கிடையாது. மீட்டிங்கில் பேச்சு இந்திக்குத் தாவினால், சிரித்த முகத்தோடு “இங்கிலீஷ்ல பேசலாமா, எனக்கும் புரியும்” என்று முதல் முறையே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் குறையாகத் தெரியும், முதல் வாரம் சொன்னால் தகவலாகப் போய்விடும். நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூன்று தமிழர்கள் சேர்ந்தால் பக்கத்தில் ஒரு பெங்காலி சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருப்பதை மறந்துவிடுவோம். கன்னடம் வேறு விஷயம். 2024 ஜூலையில் மேலாண்மைப் பணிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒரு மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து, தொழில்துறை எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்தி வைத்தார்கள். ஆக இன்றைக்கு உங்கள் வேலைக்குக் கன்னடம் நிபந்தனை இல்லை. ஆனாலும் கற்றுக்கொள்ளுங்கள், ‘கன்னட கொத்தில்லா’வோடு (கன்னடம் தெரியாது) காலத்தை ஓட்டுகிற ஆட்களைப் பார்த்து இந்த ஊர் அலுத்துப்போய்விட்டது. தமிழ் தெரிந்தவர்களுக்கு அது தொட்டுவிடும் தூரம்தான். பிள்ளைகள் பள்ளியில் கொண்டுவரும் புத்தகத்தோடு சேர்ந்தே படிக்கலாம்.

இங்கிலீஷுக்கு ஒரு வழி சொல்கிறேன். உங்களைப் பற்றி, நீங்கள் கண்டுபிடித்த அந்த வட்டிப் பிழை பற்றி, இடைவெளி பற்றி, ஏன் திரும்புகிறீர்கள் என்பது பற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம் வருவது மாதிரி எழுதி, போனில் பதிவு செய்து கேளுங்கள். எழுதியதை மனப்பாடம் செய்யாதீர்கள், மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும். மெதுவாகப் பேசுவது தப்பில்லை. கேள்வி புரியாவிட்டால் “இன்னொரு முறை சொல்ல முடியுமா?” என்று கேட்டால் மதிப்பெண் குறையாது, புரியாமலே பதில் சொன்னால்தான் குறையும். தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை 2010-லிருந்து இருக்கிறது. தனியார் ஐ.டி.யின் டைவர்சிட்டி கணக்கில் அதற்குக் கட்டம் இல்லை. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், எல்ஜிபிடி, சில இடங்களில் முன்னாள் ராணுவத்தினர், இதோடு கணக்கு முடிந்துவிடும். அரசுப் பள்ளி, முதல் பட்டதாரி, சாதி என்று எந்தக் கட்டமும் நான் பார்த்த படிவங்களில் இருந்ததில்லை. இந்தியாவில் இருந்துகொண்டு அதைக் கணக்கில் எடுக்காமல் டைவர்சிட்டி பேசுவது அரைகுறை என்பது என் அபிப்பிராயம். அது மாறும்வரை நீங்கள் காத்திருக்க முடியாது என்பதால் மேலே போவோம்.

ஏஐ. டெஸ்ட் கேஸ் எழுதுவதை மட்டுமே வேலையாக வைத்திருப்பவர்களுக்கு உண்மையிலேயே சிரமம்தான், மழுப்ப விரும்பவில்லை. மேனுவல் மட்டும் என்று போட்டால் இனி அழைப்பு வருவது கஷ்டம். ஏபிஐ டெஸ்டிங் (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இடத்தைச் சோதிப்பது), எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தில் தகவல் எடுக்கும் மொழி), கிட் (கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), தானாக டெஸ்ட் ஓட்டும் கருவிகளான பிளேரைட் அல்லது செலினியம் இரண்டில் ஒன்று, இவ்வளவு போதும். பிளேரைட் இலவசம், கற்றுக்கொள்ளும் ஆவணங்களும் இலவசம். இதற்கும் யாருக்கும் எழுபதாயிரம் தர வேண்டியதில்லை. ஏதாவது ஒரு டெமோ தளத்துக்கு இருபது டெஸ்ட் எழுதி, கோடைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போடுங்கள். ஏஐ எழுதித் தந்த டெஸ்ட் ஓடும். ஆனால் அந்த 31-ம் தேதி வட்டியைச் சோதிக்க வேண்டும் என்று சொல்ல வங்கி வேலை தெரிந்த ஆள் வேண்டும். அந்த அறிவைத் தூசி தட்டுங்கள். நீங்கள் வீட்டில் இருந்த காலத்தில் வங்கித் தொழில்நுட்பம் நிறைய மாறிவிட்டது. 2021-ல் அக்கவுன்ட் அக்ரிகேட்டர் (வாடிக்கையாளர் சம்மதத்தோடு அவர் கணக்கு விவரங்களை வேறு நிதி நிறுவனங்களுக்குப் பகிரும் ஏற்பாடு) வந்தது. 2022 அக்டோபரிலிருந்து கடைகள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, டோக்கன் என்ற மாற்று எண்தான் என்றானது. யுபிஐ எங்கேயோ போய்விட்டது. இவை ஒவ்வொன்றிலும் எங்கெங்கே தப்பு நடக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போங்கள். வங்கி, ஃபின்டெக் ஜிசிசிகளில் இதற்கு மதிப்பு உண்டு.

ஊரைப் பற்றி. ஹொரமாவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வேலையை, சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், வாரம் ஐந்து நாள் ஆபீஸ் என்றால் ஏற்காதீர்கள். நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு வழியாகத் தினமும் போய்வந்து, சாயங்காலம் பிள்ளைகள் முன் உட்கார உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது. நாகவாரா மான்யதா டெக் பார்க், அவுட்டர் ரிங் ரோட்டின் மகாதேவபுரா பக்கம், சி.வி.ராமன் நகர், ஒயிட்ஃபீல்டு, இந்த வரிசையில் பாருங்கள். ஒயிட்ஃபீல்டுக்கு 2023-லிருந்து மெட்ரோவின் பர்ப்பிள் லைன் முழுதாக ஓடுகிறது, கே.ஆர்.புரம் ஸ்டேஷன் வரை போய்விட்டால் மீதி சுலபம். ஷிஃப்ட் எந்த நாட்டு நேரம் என்று முதல் போனிலேயே கேளுங்கள். இரவு எட்டுக்கு மேல் வேலை என்றால் வீடு வரை வண்டி கொடுப்பது கம்பெனியின் பொறுப்பு. அதை ஆஃபர் வரும்போது மெயிலில் எழுதி வாங்குங்கள்.

புது ஊரில் யாரையும் தெரியாதே என்று நினைக்கலாம். சிறுசேரியில் உங்களோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் இன்று இங்கேதான் இருப்பார்கள், லிங்க்ட்இன்னில் பழைய கம்பெனி பெயரும் பெங்களூருவும் போட்டுத் தேடிப் பாருங்கள். ‘வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று எழுதினால் யாரும் பதில் போட மாட்டார்கள். அவர்கள் கம்பெனித் தளத்தில் உள்ள குறிப்பிட்ட வேலையின் எண்ணைப் போட்டு, இதற்கு ரெஃபர் செய்ய முடியுமா என்று ரெஸ்யூமேயோடு அனுப்புங்கள். அவர்களுக்கு ஐந்து நிமிட வேலைதான் என்றால் செய்துவிடுவார்கள். உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவையும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் லாரிக்கும் பார்க்கிங்குக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் அந்தக் குழுவில் குறைந்தது நான்கு பேர் ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பார்கள், இது பெங்களூரு. மாதாமாதம் நடக்கும் பேங்பைப்பர்ஸ் (பைத்தான் நிரல்மொழிக்காரர்களின் குழு) மாதிரிக் கூட்டங்களுக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். டெஸ்டர்களுக்கென்றும் கூட்டங்கள் நடக்கின்றன. பிள்ளைகளை அன்று அப்பா பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசியாகச் சம்பளம். “கடைசியாக எவ்வளவு வாங்கினீர்கள்?” என்று கேட்பார்கள். 2019 சம்பளத்தைச் சொல்லி அதன்மேல் முப்பது சதவீதம் என்று பேச ஆரம்பித்தால் தோற்றுவிடுவீர்கள். “அது ஏழு வருடத்துக்கு முந்தைய கணக்கு; இந்த வேலைக்கு உங்கள் பேண்ட் (சம்பள வரம்பு) என்ன?” என்று திருப்பிக் கேளுங்கள். தோழியிடம் அந்த பேண்டை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். டைவர்சிட்டியில் வந்தவர் என்பதால் ஒரு கிரேடு இறக்கிக் கொடுக்கப் பார்த்தால், ஐந்து வருட அனுபவத்துக்கு உரிய கிரேடு எது என்று அவர்கள் பட்டியலையே காட்டச் சொல்லுங்கள். ஒரு கிரேடு இறங்கிச் சேர்ந்தால் அதை மீட்க மூன்று வருடம் ஆகும். கொஞ்சம் பணம் குறைந்தாலும் கிரேடை விடாதீர்கள்.

ரெஃபரல் லிங்க் சில நாளில் காலாவதியாகிவிடும். ரெஸ்யூமேயை நான் சொன்னபடி திருத்தி இந்த வார இறுதிக்குள் தோழிக்கு அனுப்பிவிடுங்கள்.